ஸ்வெட்டர் பேட்டர்ன்: எந்த வரியைத் தப்பாகப் படித்தோம் என்று பின்னலைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

காரைக்குடி வெயிலுக்கு உல்லன் நூலைக் கையில் எடுக்கவே மனசு வராது. ஆனாலும் ஐப்பசி பிறந்தால் தெருவுக்கு ஒருவராவது ஊசியும் நூலுமாக முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். மகள் லண்டனில் இருப்பாள், அல்லது மகன் நியூஜெர்சியில். பேரப்பிள்ளைக்கு முதல் குளிர்காலம் வரப்போகிறது.

நூல் வேலை செட்டிநாட்டுக்குப் புதிதில்லை. ஓலைக் கொட்டானுக்குக் குரோஷாவில் போட்ட உறையும் மணி வேலையும் பழைய வீட்டுப் பெட்டகங்களில் இன்னும் இருக்கின்றன. அப்பத்தாக்கள் அதையெல்லாம் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக் கற்றார்கள். இப்போது கற்கிறவர்களுக்கு வருவது செல்போனில் இறக்கிய இரண்டு பக்கப் பேட்டர்ன், அதாவது பின்னும் முறையைச் சுருக்கெழுத்தில் சொல்லும் குறிப்பு. அதில் கே, பி, ஒய்ஓ, எஸ்எஸ்கே, நட்சத்திரம், அடைப்புக்குறி என்று நிறைந்திருக்கும். பாதி ஸ்வெட்டரில் ஏதோ கோணிக்கொண்டால், "எனக்குக் கை சரியில்லை" என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். என்னிடம் வரும் அரைகுறைப் பின்னல்களில் பெரும்பாலானவற்றில் கை நன்றாகவே இருக்கிறது. படித்ததில்தான் ஒரு இடம் தவறியிருக்கும், அது எந்த இடம் என்பதையும் பின்னலே காட்டிவிடும். அதனால் கண்ணுக்குத் தெரிகிற கோளாறிலிருந்து தொடங்கி, காரணத்துக்குப் போகிறேன்.

அதற்கு முன் இரண்டு பழக்கம். பேட்டர்னைத் தாளில் பிரதி எடுத்து, முடித்த வரிசையைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஊசியில் இருக்கும் கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, எண்ணுங்கள். அலுப்பாக இருக்கும்தான். ஆனால் ஒரு வரிசையைப் பிரிப்பது இருபது வரிசையைப் பிரிப்பதைவிட எவ்வளவோ மேல்.

அளவு பொருந்தவில்லை: ஆறு மாதக் குழந்தைக்குப் போட்டது மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆகிறது, அல்லது பொம்மைக்கு ஆகிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மற்ற தப்புகள் பெரும்பாலும் பின்னும்போதே தெரிந்துவிடும். இது மட்டும் எல்லாம் முடித்து, ஓரம் தைத்த பிறகுதான் தெரியும்.

முதல் சந்தேகம் ஊசி நம்பர் மேல் வரட்டும். நம் கடைகளில் ஊசியைப் பழைய பிரிட்டிஷ் நம்பர் சொல்லித்தான் கேட்டு வாங்குகிறோம். நீலகிரியில் கேத்தியில் செய்யும் போனி ஊசியையும் அப்படித்தான் கேட்கிறோம். இந்தக் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 8 நம்பர் என்றால் 4 மி.மீ., 10 நம்பர் 3.25 மி.மீ., 12 நம்பர் 2.75 மி.மீ. அமெரிக்க நம்பர் தலைகீழ். அங்கே நம்பர் ஏற ஏற ஊசி தடிக்கும். அமெரிக்க 3 நம்பர் 3.25 மி.மீ., 6 நம்பர் 4 மி.மீ., 10 நம்பர் 6 மி.மீ. நியூஜெர்சி மகன் அனுப்பிய பேட்டர்னில் 10 நம்பர் என்று இருந்து, நீங்கள் நம் 10 நம்பரை எடுத்தால், கேட்டதில் பாதிப் பருமனுள்ள ஊசி உங்கள் கையில் இருக்கிறது. அவர்கள் 3 நம்பர் என்று சொல்லி நீங்கள் நம் 3 நம்பரை வாங்கினால் அது 6.5 மி.மீ., அதாவது இரண்டு மடங்கு.

பேட்டர்ன் எந்த நாட்டுடையது என்று எழுதியிருக்காவிட்டாலும் அதன் சொற்கள் சொல்லிவிடும். "டென்ஷன்", "காஸ்ட் ஆஃப்", "ஸ்டாக்கிங் ஸ்டிச்" என்று இருந்தால் பிரிட்டிஷ். "கேஜ்", "பைண்ட் ஆஃப்", "ஸ்டாக்கினெட்" என்று இருந்தால் அமெரிக்கா. கண்டுபிடித்ததும் நம்பரை மறந்துவிட்டு, கடையில் மி.மீ. சொல்லியே ஊசி கேளுங்கள்.

குரோஷா போடுகிறவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். அமெரிக்காவில் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டனில் டபுள் குரோஷே என்கிறார்கள். அதனால் டபுள் குரோஷே என்ற பெயர் இரண்டு நாட்டிலும் ஒன்று, போடும் விதம் வேறு.

அடுத்தது நூலின் பருமன். 4 ப்ளை மெல்லிய நூல். பேட்டர்னில் 3.25 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 28 கண்ணி என்று இருந்தால் அது 4 ப்ளை ரகம். 4 மி.மீ. ஊசியில் 22 கண்ணி என்றால் டபுள் நிட் என்னும் அதைவிடத் தடித்த ரகம். மெல்போர்னிலிருந்து பேட்டர்ன் வந்தால் அதில் 8 ப்ளை என்று இருக்கும். அது புது நூல் ஒன்றும் இல்லை, டபுள் நிட்டுக்கு ஆஸ்திரேலியர்கள் சொல்லும் பெயர்.

ஊசியும் நூலும் சரி, அப்படியும் அளவு வரவில்லை என்றால் டென்ஷன் வரியைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். பேட்டர்னின் தொடக்கத்தில் ஒரே ஒரு வரியில் இருக்கும்: 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை. நிறையப் பேர் அதைத் தகவல் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். அது நிபந்தனை. கணக்கைப் பாருங்கள். மார்புச் சுற்றுக்கு 110 கண்ணி என்றால், 22 கண்ணிக்கு 10 செ.மீ. வீதம் 50 செ.மீ. வரும். உங்கள் கை சற்றுத் தளர்ந்து 10 செ.மீ.க்கு 20 கண்ணிதான் வந்தால், அதே 110 கண்ணி 55 செ.மீ. ஆகிவிடும். கை இறுகி 24 வந்தால் 46 செ.மீ.கூடத் தேறாது. இரண்டே கண்ணி வித்தியாசம் கைக்குழந்தையின் சட்டையில் இவ்வளவு செய்யும்.

அதனால் முதலில் 30 கண்ணி ஏற்றி ஒரு சதுரத் துண்டு பின்னி, அலசி, தட்டையாகப் போட்டுக் காயவிடுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு மதியம் போதும். ஓரங்களை விட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். கண்ணி குறைவாக வந்தால் மெல்லிய ஊசி, அதிகமாக வந்தால் தடித்த ஊசி. கையை வேண்டுமென்றே இறுக்கியோ தளர்த்தியோ பின்னாதீர்கள். நாலு வரிசையில் கை தன் வழக்கத்துக்குப் போய்விடும்.

பின்பக்கம் ஒரு அளவு, முன்பக்கம் வேறு அளவு

பேட்டர்னில் "66 (72, 78, 84)" என்று வரும். முதல் எண் சின்ன அளவுக்கு, அடைப்புக்குறிக்குள் இருப்பவை வரிசையாக அடுத்தடுத்த அளவுகளுக்கு. உங்களுக்கு மூன்றாவது அளவு என்றால் எல்லா இடத்திலும் மூன்றாவது எண்தான். பின்னத் தொடங்கும் முன்பே பேட்டர்ன் முழுவதும் அந்த எண்ணைப் பென்சிலால் வட்டம் போட்டுவிடுங்கள். எங்காவது ஒரே எண் மட்டும் இருந்தால் அது எல்லா அளவுக்கும் பொது. சைபரோ கோடோ இருந்தால் உங்கள் அளவுக்கு அந்த வேலை இல்லை என்று அர்த்தம்.

வரிசை முடிவில் இரண்டு மூன்று கண்ணி மிஞ்சுகிறது

இது நட்சத்திரக் குறியின் வேலை. கோலப் புத்தகத்தில் "15 புள்ளி, 8 வரை, இடுக்குப் புள்ளி" என்று ஒரே வரிதான் இருக்கும். அதைப் பார்த்து வாசலை நிறைத்துவிடுகிறோம், ஏனென்றால் எதில் தொடங்கி, எதைத் திரும்பத் திரும்பச் செய்து, எங்கே நிறுத்துவது என்ற மூன்றும் அந்த வரியில் இருக்கின்றன. நட்சத்திர வரியிலும் அதே மூன்றைத் தேடுங்கள்.

"*கே2, பி2, ரெப் ஃப்ரம் * டு லாஸ்ட் 2, கே2" என்று ஒரு வரி. கே என்றால் நிட், நம்மைப் பார்க்கும் பக்கத்தில் 'வி' போலத் தெரியும் கண்ணி. பி என்றால் பர்ல், அதன் மறுபக்கம். ரெப் என்றால் திரும்பப் போடு. இரண்டு நிட், இரண்டு பர்ல், இதைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே போய், ஊசியில் இரண்டு கண்ணி மிஞ்சும்போது நிறுத்தி, அந்த இரண்டையும் நிட் போட வேண்டும். ஊசியில் 50 கண்ணி இருந்தால் நாலு நாலாகப் பன்னிரண்டு முறை, 48 ஆகிறது. மிச்சம் 2. கணக்கு நேராகிறது. 52 இருந்தால் பன்னிரண்டு முறைக்குப் பின் 4 மிஞ்சும், அதில் இன்னொரு முறை போட்டால் கடைசி இரண்டுக்கு இடமில்லை. அப்படி வந்தால் வரியில் தப்புத் தேட வேண்டாம், முந்தைய வரிசையில் தேடுங்கள். ஏற்றிய கண்ணியே தப்பாக இருக்கலாம்.

வேறு டிசைனைப் புகுத்த விரும்பினால் "மல்டிப்பிள் ஆஃப் 4 பிளஸ் 2" என்ற சொற்றொடரைப் பாருங்கள். நாலின் மடங்கோடு இரண்டு கூட்டிய எண், அதாவது 42, 46, 50 மாதிரி ஏற்ற வேண்டும் என்கிறது.

இன்னொரு பொறி அங்கே ஒளிந்திருக்கிறது. "ரெப் ஃப்ரம் * 3 டைம்ஸ் மோர்" என்றால் ஏற்கெனவே போட்ட ஒன்றோடு இன்னும் மூன்று, ஆக நான்கு. "(கே2, பி2) 3 டைம்ஸ்" என்றால் மொத்தமே மூன்று. "மோர்" இல்லாமல் வெறுமனே நட்சத்திரத்திலிருந்து மூன்று முறை ரெப் என்று இருந்தாலும் வழக்கப்படி நான்குதான் ஆகும். சந்தேகம் தீராவிட்டால் வரிசையின் மொத்தக் கண்ணியோடு இரண்டு விதமாகவும் கூட்டிப் பாருங்கள். ஒன்றுதான் பொருந்தும்.

ரிப் வரவில்லை, அரிசி தெளித்த மாதிரிப் புள்ளி புள்ளியாக வருகிறது

ரிப் என்பது மணிக்கட்டிலும் கீழ் ஓரத்திலும் வரும், இழுத்தால் திரும்பச் சுருங்கும் பட்டை. அதில் நிட்டுக்கு மேல் நிட், பர்லுக்கு மேல் பர்ல் நேர்கோடாக ஏற வேண்டும். ஒற்றைப்படைக் கண்ணியில் "கே1, பி1" என்று முதல் வரிசை போட்டால் அது நிட்டில் முடியும். திருப்பினால் அதே கண்ணி பர்லாகத் தெரியும். அங்கே பர்லில் தொடங்க வேண்டும். பேட்டர்ன் இரண்டாவது வரிசையைத் தனியாகக் கொடுத்திருந்தும், "இதுவும் அதேதானே" என்று முதல் வரிசையையே திரும்பப் போட்டால் மாஸ் ஸ்டிச் ஆகிவிடும். அது அழகான டிசைன்தான், ஆனால் இழுத்தால் திரும்பச் சுருங்காது. மணிக்கட்டில் நிற்காது.

கண்ணியைப் பார்க்கப் பழகுங்கள். ஊசிக்குக் கீழே மாலை கட்டியது போல 'வி' வடிவம் தெரிந்தால் நிட் போடுங்கள். கழுத்தைச் சுற்றி ஒரு சின்ன முடிச்சு மாதிரிக் குறுக்கே நூல் ஓடினால் பர்ல் போடுங்கள். இது பிடிபட்டுவிட்டால் ரிப்புக்குப் பேட்டர்னே பார்க்க வேண்டியதில்லை.

நாலைந்து வரிசைக்குக் கீழே ஒரே ஒரு கண்ணி மட்டும் நிட்டுக்குப் பதில் பர்லாக விழுந்திருக்கிறதா? முழுசாகப் பிரிக்க வேண்டாம். அந்த நேர்கோட்டுக்கு மேலே வரும்வரை பின்னி, அந்த ஒரு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். விரலால் மெதுவாக இழுத்தால் ஏணிப்படி போல ஒவ்வொரு வரிசையாக அவிழ்ந்து இறங்கும். தப்பு விழுந்த வரிசை அவிழ்ந்ததும் நிறுத்துங்கள். குரோஷா ஊசியை அந்த வளையத்துக்குள் முன்பக்கமிருந்து விட்டு, பின்னால் இருக்கும் முதல் படியைக் கொக்கியில் பிடித்து வளையத்தின் வழியாக இழுங்கள். ஒரு நிட் கண்ணி ஆயிற்று. அடுத்த படி, அதற்கடுத்த படி என்று மேலே ஏறி, கடைசி வளையத்தை அதன் வலது கால் ஊசிக்கு முன்னால் வரும்படி மாட்டிவிடுங்கள். பக்கத்துக் கண்ணிகள் ஓடிவிடுமோ என்று பயப்படாதீர்கள், உல்லன் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பர்ல் வர வேண்டிய இடம் என்றால் துணியைத் திருப்பிப் பிடித்து மறுபக்கத்திலிருந்து இதையே செய்யுங்கள். துளை டிசைனில் மட்டும் இந்த வழி சரிப்படாது.

நேராகப் பின்னுகிறேன், துணி முக்கோணமாக விரிகிறது

"ஆச்சி, நான் எங்கேயும் கூட்டவே இல்லை" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், தெரிந்து கூட்டவில்லை. முதலில் ஓரத்தைப் பாருங்கள். வரிசை தொடங்கும்போது நூல் ஊசிக்கு மேலாக முதுகுப் பக்கம் இழுபட்டால், முதல் கண்ணியின் இரண்டு காலும் மேலே தூக்கி, இரண்டு கண்ணி மாதிரித் தெரியும். இரண்டிலும் நிட் போட்டுவிடுவோம். நூலை ஊசிக்குக் கீழே வைத்துக்கொண்டு தொடங்கினால் தீர்ந்தது.

நடுவில் கூடுகிறது, அங்கே சின்ன ஓட்டையும் இருக்கிறது என்றால் நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும் இடத்தில் நூல் வலது ஊசியின் மேலாக வந்திருக்கிறது. இரண்டு ஊசி முனைகளுக்கும் இடையில்தான் நூல் முன்னும் பின்னும் போக வேண்டும்.

துளை டிசைனில் துளையைக் காணோம், அல்லது சாய்வு எதிர்ப்பக்கம் போகிறது

துளை என்பது இரண்டு செயல். ஒய்ஓ, அதாவது நூலை ஊசிமேல் ஒரு சுற்றுப் போடுவது, ஒரு கண்ணியைக் கூட்டி ஓட்டை உண்டாக்கும். பக்கத்தில் வரும் கே2டாக் (இரண்டு கண்ணியைச் சேர்த்து நிட் போடுவது) அல்லது எஸ்எஸ்கே (இரண்டையும் ஒவ்வொன்றாக நழுவவிட்டுச் சேர்த்து நிட் போடுவது) ஒரு கண்ணியைக் குறைத்து எண்ணிக்கையைச் சமன் செய்யும். திரும்பி வரும் பர்ல் வரிசையில் ஒய்ஓ கண்ணியாகத் தெரியாது, ஊசியில் சாய்வாகக் கிடக்கும் வெறும் நூலாகத்தான் தெரியும். அதைக் கவனிக்காமல் நழுவ விட்டால் துளை காணாமல் போய், எண்ணிக்கையும் ஒன்று குறையும். உடனே கண்டுபிடித்தால் எளிது. அந்த இடத்தில் இரண்டு கண்ணிகளுக்கு நடுவே குறுக்கே ஓடும் நூலை ஊசி முனையால் தூக்கி மாட்டி அதில் பர்ல் போட்டுவிடுங்கள்.

பழைய பிரிட்டிஷ் பேட்டர்னில் ஒய்ஓ என்று இருக்காது, "ஒய்எஃப்" என்று இருக்கும். நிட் கண்ணிகளுக்கு நடுவே அப்படி வந்தால் அங்கே துளை வேண்டும் என்று அர்த்தம். அமெரிக்கப் பேட்டர்னில் அதே எழுத்துகள் நூலை முன்னால் கொண்டுவா என்பதோடு நின்றுவிடலாம். பக்கத்தில் கே2டாக் இருந்து, வரிசை முடிவில் எண்ணிக்கை மாறக் கூடாது என்றால் அது துளைதான்.

சாய்வுக்கு வருவோம். கே2டாக் வலப்பக்கம் சாயும். எஸ்எஸ்கே இடப்பக்கம் சாயும், பிரிட்டிஷ் பேட்டர்னில் அந்த இடத்தில் ஒரு கண்ணியை நழுவவிட்டு, அடுத்ததை நிட் போட்டு, நழுவவிட்டதை அதன் மேலாகத் தாண்டச் செய்யும் முறை வரும். இலை வடிவம் ஒரு பக்கம் மட்டும் கோணலாக வந்தால் இவை இடம் மாறியிருக்கின்றன. கட்டம் போட்ட சார்ட் என்றால் கீழ் வலது மூலையில் தொடங்கி, மேல்முக வரிசையை வலமிருந்து இடமாகவும், பின்முக வரிசையை இடமிருந்து வலமாகவும் படிக்க வேண்டும். வட்டமாகப் பின்னும்போது மட்டும் எல்லா வரிசையும் வலமிருந்து இடம்தான். சார்ட் காட்டுவது துணியின் மேல்முகத்தை. காலிக் கட்டம் மேல்முகத்தில் நிட் என்றால் பின்முகத்திலிருந்து வரும்போது அதே கட்டம் பர்ல். கறுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ அடைத்த கட்டம் "இங்கே கண்ணியே இல்லை" என்பதற்கு, அதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கைக்குழி முடிந்தது, ஆனால் கழுத்து இறங்கவே இல்லை

பேட்டர்னில் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய சொற்கள் "அட் தி சேம் டைம்". ஒரு பத்தி முழுக்கக் கைக்குழி குறைப்பதைச் சொல்லிவிட்டு, அடுத்த பத்தியில் இதைத் தூக்கிப் போடுவார்கள். முதல் பத்தியைப் பின்னி முடித்த பிறகு இரண்டாவதைப் படித்தால் அத்தனையும் பிரிக்க வேண்டும். பின்னத் தொடங்கும் முன் இந்தச் சொற்களைத் தேடி, வண்ணப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன அட்டவணை எழுதுங்கள். முன் திறந்த ஸ்வெட்டரின் இடது முன்பக்கத்தில் 30 கண்ணி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைக்குழி ஓரத்தில் ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் ஒரு கண்ணி வீதம் 5 முறை. அதே நேரத்தில் கழுத்து ஓரத்தில் நாலு வரிசைக்கு ஒன்று வீதம் 6 முறை. இரண்டும் முதல் வரிசையில் தொடங்கினால் கைக்குழிக் குறைப்பு 1, 3, 5, 7, 9 வரிசைகளில் வரும். கழுத்துக் குறைப்பு 1, 5, 9, 13, 17, 21 வரிசைகளில் வரும். 1, 5, 9 மூன்றிலும் இரண்டு ஓரமும் குறைய வேண்டும். 21 ஆம் வரிசை முடியும்போது 11 கண்ணி போய் 19 நிற்கும். பேட்டர்ன் சொல்லும் எண்ணும் 19 என்றால் நீங்கள் சரியாகப் படித்திருக்கிறீர்கள்.

வலது முன்பக்கத்துக்கு வரும்போது "ரிவர்ஸ் ஷேப்பிங்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இடது முன்பக்கத்தில், மேல்முகம் நம்மைப் பார்க்கும்போது, கைக்குழி வரிசையின் தொடக்கத்திலும் கழுத்து முடிவிலும் இருந்தன. வலதில் கழுத்து தொடக்கத்தில், கைக்குழி முடிவில். இதை மாற்றாவிட்டால் இரண்டு முன்பக்கமும் இடதாகவே வந்து நிற்கும். "எண்டிங் வித் டபிள்யூஎஸ் ரோ" என்று வந்தால் பின்முக வரிசையை முடித்துவிட்டு நில், அடுத்து மேல்முகம் என்று பொருள்.

விருந்தாளி வந்தார்கள், எழுந்து போனேன், எந்தப் பக்கம் பின்னிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை

உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியின் கண்ணியில் இருக்கிறதோ அந்த ஊசி வலது கைக்கு. மாற்றிப் பிடித்துத் தொடர்ந்தால் துணியின் நடுவில் இரண்டு வரிசை கூடுதலாக ஏறிப் படிக்கட்டு விழும்.

கண்ணிகள் கால்மேல் கால் போட்ட மாதிரி முறுக்கிக்கொள்கின்றன

பர்ல் போடும்போது நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறீர்கள், அல்லது நிட்டைக் கண்ணியின் பின்காலில் போடுகிறீர்கள். பேட்டர்னில் "டிபிஎல்" என்று சொன்னால் மட்டுமே பின்கால்.

கீழ் ஓரம் சுருண்டுகொள்கிறது

ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று போகும் துணியின் இயல்பு அது. கீழும் மேலும் முன்பக்கமாகவும், பக்க ஓரங்கள் பின்பக்கமாகவும் சுருளும். அதற்காகத்தான் பேட்டர்ன் ஓரத்தில் ரிப்போ கார்ட்டரோ (எல்லா வரிசையும் நிட்) வைக்கிறது. இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி நேராக்கப் பார்க்காதீர்கள். நம் கடைகளில் உல்லன் என்று கிடைப்பதில் நிறைய அக்ரிலிக். சூடு பட்டால் அது துவண்டுபோய் மறுபடி எழுந்திருக்காது. அக்ரிலிக் என்றால் ஈரமாக்கித் தட்டையாக விரித்து, ஓரத்தில் ஊசி குத்திக் காயவிட்டால் போதும்.

உள்ளூர்ப் பிள்ளைக்கு என்று பருத்தி நூலில் போடுகிறவர்கள் அந்த ரிப் பகுதிக்கு மட்டும் இன்னும் மெல்லிய ஊசி எடுங்கள். பருத்திக்கு உல்லனைப் போல் சுருங்கி மீளும் குணம் இல்லை, அதே ஊசியில் போட்டால் இரண்டு சலவையில் மணிக்கட்டு தளர்ந்து தொங்கும்.